ஏசுதாஸ் கண்ணுக்கு வைத்த அளவு

வேலுச்சாமிக்கு நாற்பத்தாறு வயதில் ஓர் அப்பா தேவைப்பட்டார். பேராசையெல்லாம் இல்லை, முகம் மட்டும் கிடைத்தால் போதும். அப்பா தாராவியில் செத்துப்போனபோது அவனுக்கு ஏழு வயது. அவன் அம்மாவோடு நாங்குநேரிப் பக்கம் இருந்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் லீவில் வந்து, பிஸ்கட்டு டப்பா கொடுத்துவிட்டுத் திரும்பிப் போன மனுஷனின் கை ஞாபகமிருந்தது, இருமல் ஞாபகமிருந்தது, முகத்தை மட்டும் காணோம். போட்டோ ஒன்றுகூடக் கிடையாது. கல்யாணத்துக்குப் படம் பிடிக்க வந்தவன் மழையென்று பாதி வழியில் திரும்பிவிட்டானாம். நாசமாய்ப் போகிறவன்!

இப்போது அதே தாராவியில், தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் சந்தில் வேலுச்சாமியின் மளிகைக் கடை, கடைக்கு மேலே வீடு. வீட்டுச் சுவரில் அம்மா படம் தொங்குகிறது. பக்கத்தில் ஓர் ஆணி சும்மா இருக்கிறது. மனைவி ஆவுடையம்மாள் அதில் காலண்டரை மாட்டுவாள், அவன் கழற்றிவிடுவான். அமாவாசைக்குப் படையல் போட்டு அப்பாவை நினைக்க வேண்டிய நேரத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். திறந்தால் ஆணிதானே தெரியும்.

ஆனால் அப்பாவின் படம் ஒன்றே ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். தாராவியின் லேபர் கேம்ப் பகுதி அம்மன் கோயிலில் எண்பத்தைந்தாம் வருஷம் முதல் கொடைத் திருவிழா நடந்தது. அன்றைக்கு அப்பாவின் தலையில்தான் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்தார்களாம். அதை ஏசுதாஸ் என்பவர் படம் பிடித்தாராம். அம்மா அந்தப் படத்தைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் என்ன, தலையில் அடித்துச் சத்தியம் செய்யும் அளவுக்கு அவளுக்கு அது தெரியும்.

ஏசுதாஸ் ஒரு விளம்பரக் கம்பெனியில் ஃபிலிம் கழுவும் இருட்டறையில் வேலை பார்த்தவர். சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர். கம்பெனிக்கு எடுத்துப் போக மிஞ்சிய ஸ்லைடு ஃபிலிமைக் கேமராவில் போட்டுக்கொண்டு வந்து அந்த ஒரு படத்தை எடுத்தார். ஸ்லைடு என்பது காகிதத்தில் வராது. அட்டைச் சட்டத்துக்குள் தபால்தலை அளவுக்கு நிற்கும். பார்ப்பதற்கென்று ஒரு கறுப்பு டப்பா உண்டு. பின்பக்கம் பேட்டரி பல்பு, முன்பக்கம் ஒரு குழாய், குழாயில் ஒற்றை லென்ஸ். ஏசுதாஸ் செத்த பிறகு அவர் மனைவி சேசம்மாள் ஸ்லைடையும் டப்பாவையும் பரணிலிருந்து இறக்கி, "ஒங்க சாமி போட்டோ ஒங்ககிட்டயே கெடக்கட்டும்" என்று கோயில் தலைவர் பூலோகத்திடம் கொடுத்துவிட்டாள். அது ஆயிற்று பன்னிரண்டு வருஷம்.

பூலோகம் அதைக் கோயில் பீரோவில் வைத்துப் பூட்டினார். பிறகு ஆயுத பூஜை வந்தது. நம்மவர்கள் கையில் ஒரு கருவியும் கிடைத்து ஆயுத பூஜையும் வந்தால் விடுவார்களா? தராசுக்கும் தையல் மிஷினுக்கும் டெம்போவுக்கும் வைத்த மாதிரி அதற்கும் சந்தனம் வைத்தார்கள். லென்ஸ் குழாயைச் சுற்றி வளைத்துத் தாராளமாய் வைத்தார்கள். அடுத்த வருஷம் அதன்மேல் இன்னொரு பூச்சு. அந்தக் குழாய் திருகுவதற்காகச் செய்தது என்பது யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும், சாமிக்கு வைத்த சந்தனத்தை எவன் சுரண்டுவான்?

ஆயுத பூஜையன்று வரிசையில் நின்று அதைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஆளுக்கு மூன்று விநாடி. கண்ணாடி போட்டவர்கள் கழற்றிவிட வேண்டும், லென்ஸில் கீறல் விழுந்துவிடுமாம். பிள்ளைகள் கையில் தரவே கூடாது, கீழே போட்டுவிடுவார்களாம். "தெரியுதா வே?" என்பார் பூலோகம். "தெரியுது, தெரியுது" என்பார்கள். தெரிந்தது என்னவோ மஞ்சளும் சிவப்புமாக ஒரு கலங்கல். அதைச் சொன்னால் கண் போய்விட்டதா என்று கேட்பார்களே! கண் போனதை எந்த மனுஷன் வரிசையில் நின்று ஒப்புக்கொள்வான்? வேலுச்சாமியும் ஒப்புக்கொள்ளவில்லை. மஞ்சள், அப்பாவுக்குப் போர்த்திய பட்டு. மேலே சிவப்பு, பரிவட்டம். நடுவில் இருப்பது முகம். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கலங்கலைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கிறான்.

அதே கலங்கலில் சொரிமுத்து அண்ணாச்சி தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் கொடுமை. சொரிமுத்து தோல்பை பட்டறை முதலாளி. அறுபத்து மூன்று வயது, உரத்த குரல். அவருடைய அப்பா ஆறடி உயரம், கலங்கலும் உயரமாக இருந்தது, ஆகவே அது அவர் அப்பா. இத்தனை வருஷம் இரண்டு பேரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாய் நின்று ஆளுக்கொரு அப்பாவைக் கும்பிட்டதில் ஒரு சண்டையும் வரவில்லை. இந்த வருஷம்தான் பூலோகம் மைக்கில் அறிவித்துவிட்டார்: நாற்பதாவது கொடையில் முதல் மரியாதை, முதல் பரிவட்டம் யாருக்குக் கட்டப்பட்டதோ அவர் வாரிசுக்கே.

அவ்வளவுதான், தீப்பிடித்துக்கொண்டது. பழைய நோட்டீஸைத் தேடினால் எல்லாம் ரெண்டாயிரத்து ஐந்து மழையில் கூழாகியிருந்தது. முதல் கொடையைப் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது பூலோகம் ஒருத்தர்தான், சொரிமுத்து தாராவிக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். அவரோ அன்றைக்குச் சோற்று அண்டா பக்கம் இருந்துவிட்டார். சொரிமுத்துவின் மகன் நிகில் மொபைலை லென்ஸில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தான். வெள்ளை வெளிச்சம்தான் வந்தது. ஸ்டுடியோவில் கொடுத்தால் பெரிதாக்கித் தருவார்கள் என்றான். "கோயில் சொத்து கேட்டுக்கு வெளிய போகாது" என்றார் பூலோகம். ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் கமிட்டிப் பெரியவர்கள் ஐந்து பேர் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது என்று முடிவாயிற்று.

அதே ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் இலவசக் கண் பரிசோதனை முகாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்ததற்குக் காரணம், நாற்காலி வாடகைக்கு ஒரு தரம் எடுத்தால் போதும் என்பதுதான். செம்பூரில் ஒரு கண்ணாடிக் கடையிலிருந்து ஷ்ருதி என்ற பெண் வந்திருந்தாள். டோம்பிவிலிக்காரி, இருபத்தாறு வயது இருக்கும், தமிழையும் ஹிந்தியையும் கலந்து மாவாக அரைத்துப் பேசுகிறவள்.

"அங்கிள், வாங்க, பைட்டோ" என்று வேலுச்சாமியை உட்கார்த்தி, எழுத்து அட்டையைக் காட்டினாள். தூரத்தில் இருப்பதைக் கடைசி வரி வரைக்கும் படித்தான். கிட்டத்தில் கொடுத்ததைக் கையை நீட்டி நீட்டிப் படித்தான்.

"தூரப்பார்வை ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ். படிக்கத்தான் கண்ணாடி வேணும்."

"எனக்கா? மஞ்சப்பொடி பாக்கெட்டுல இருக்க சின்ன எழுத்துகூட படிப்பேனே?"

"பாக்கெட்ட அங்க ரோட்டுல வச்சா படிப்பீங்க" என்றாள் ஷ்ருதி. வேலுச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது.

பக்கத்தில் வழக்கு ஆரம்பமாகியிருந்தது. பெரியவர்கள் ஐந்து பேரும் டப்பாவைக் கைமாற்றிப் பார்த்தார்கள். இரண்டு பேர் வேலுச்சாமி அப்பா என்றார்கள். இரண்டு பேர் சொரிமுத்து அப்பா என்றார்கள். ஐந்தாவது ஆள் பூலோகம். அவர் டப்பாவைக் கண்ணில் வைத்து, எடுத்து, துடைத்து, மறுபடி வைத்து, "அம்மனே நிக்க மாதிரி இருக்கு" என்றார்.

"என்ன அண்ணாச்சி, வெளையாடுதியளா? எங்கய்யா உயரத்தப் பாத்துமா தெரியல?" சொரிமுத்து பெஞ்சைத் தட்டினார்.

"உயரமா இருந்தா ஒங்கய்யாவா? லைட் கம்பமும் உயரமாத்தான் இருக்கு" என்றான் வேலுச்சாமி. சொன்ன பிறகு, பெரிய மனுஷனிடம் பேசுகிற பேச்சா என்று அவனுக்கே உறைத்தது.

சத்தம் கூடவே ஷ்ருதி எழுந்து வந்தாள். கேட்காமலே டப்பாவை வாங்கித் தன் கண்ணில் வைத்தாள். கண்ணை இடுக்கினாள். "பாப்ரே! ரெண்டு செகண்டுலயே எனக்குக் கண்ணு வலிக்குது. நீங்கள்லாம் இதுல எப்படிப் பாக்கறீங்க?" என்றவள் குழாயைத் திருகப் பார்த்தாள். அசையவில்லை. நகத்தால் கீறினாள், சந்தனம் பொடிப்பொடியாய் உதிர்ந்தது.

"ஏளா, கைய எடு! பன்னெண்டு வருஷத்துச் சந்தனம்!" பூலோகம் அலறிவிட்டார்.

"அதான் ஜாம் ஆயிருக்கு. லென்ஸ் படத்துலருந்து எவ்வளவு தூரத்துல இருக்கணும்ங்கறது பாக்கறவங்க கண்ணைப் பொறுத்தது, அங்கிள். கிட்டப்பார்வைன்னா குழாய உள்ள திருகணும். உங்கள மாதிரி ஆளுங்களுக்கு வெளிய திருகணும். இது ஃபுல்லா உள்ள போயிருக்கு. யாரோ மைனஸ் எட்டு, ஒன்பது நம்பர் ஆளு கண்ணாடியக் கழட்டிட்டுத் தனக்காக வச்ச அளவு."

"ஏசுதாஸ்" என்றார் யாரோ.

"அவர் எங்க?"

"அவரு போயி பன்னெண்டு வருஷமாச்சு."

"அப்ப பன்னெண்டு வருஷமா அவரு கண்ணுக்கு வச்ச அளவுல எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கீங்க" என்றாள் ஷ்ருதி. "சின்னப் பசங்க பாத்திருந்தா சொல்லியிருப்பாங்களே. அவங்க கண்ணு தானே அட்ஜஸ்ட் பண்ணிக்கும். நாப்பது தாண்டினாத்தான் அடம் பிடிக்கும்."

பிள்ளைகள் கையில் தரக்கூடாது என்று சட்டம் போட்டவர் பூலோகம். அவர் கூரையைப் பார்த்தார்.

கடைசியில் அம்மனிடம் உத்தரவு கேட்டு, சூடம் காட்டி மன்னிப்பும் கேட்ட பிறகு, சந்தனத்தைச் சுரண்ட அனுமதி கிடைத்தது. ஷ்ருதி கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஊற்றி, பல்குச்சியால் மரையை நோண்டினாள். குழாய் கிரீச்சென்று ஒரு சுற்று வந்தது. யாருக்கு முதலில்? சோதனை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது வேலுச்சாமி. "இவரு கண்ணு இப்பதான் செக் பண்ணேன். இவருக்கே வைக்கிறேன்" என்று டப்பாவை அவன் கண்ணில் வைத்துவிட்டாள்.

"மெதுவா நீங்களே வெளிய திருகுங்க. கிளியரா வந்ததும் நிறுத்துங்க."

வேலுச்சாமி திருகினான். இத்தனை வருஷம் காத்திருந்துவிட்டு இப்போது வேண்டாம் என்று எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட இருந்தது. மஞ்சள் கலங்கலுக்கு ஓரம் வந்தது. ஓரத்தில் சரிகை வந்தது. மேலே சிவப்புத் துணியின் மடிப்பு, அதற்குக் கீழே ஒரு நெற்றி, வியர்வை, அடர்ந்த மீசை. இன்னும் ஒரு நூல் திருகினான். அப்பா!

அப்பா இல்லை. போர்த்திய பட்டு ஒரு தோளில் சரிந்திருந்தது. அங்கே காக்கிச் சட்டை. காக்கித் தோள்பட்டையில் மூன்று நட்சத்திரம். பரிவட்டத்துக்குக் கீழே கடுகடுவென்று நிற்பது ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர். யாரும் சொல்லாமலே வேலுச்சாமிக்கு விளங்கிவிட்டது. மைக் செட்டுக்கு அனுமதி கொடுத்த புண்ணியவான் வந்து நின்றால் முதல் மரியாதை வேறு யாருக்குப் போகும்? இன்றைக்கும் அதுதானே நடப்பு. அவனுக்குச் சிரிப்பு முட்டியது. ரெண்டு குடும்பம் இரண்டு மாதமாய்க் கட்டிப் புரண்டது இந்த மீசைக்காகவா!

சிரிப்பு வாய்வரை வந்து நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டருக்குப் பக்கத்தில், அரை அடி பின்னால், இன்னொரு ஆள் நின்றான். ஒல்லி. விடைத்த காதுகள். ஒரு பல் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தது. தினமும் காலையில் ஷேவ் செய்யும்போது வேலுச்சாமி பார்க்கிற அதே காது, அதே பல். பச்சையில் கட்டம் போட்ட சட்டை. அந்தச் சட்டை டிரங்குப் பெட்டியில் ஊருக்கு வந்து, வெட்டித் தைத்து அவன் ஆறாம் வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போனது. அப்பா. அப்பாவேதான். எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு, கோயிலுக்குள் வெறுங்காலோடு போன இன்ஸ்பெக்டரின் பழுப்பு பூட்ஸ் ஜோடியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலுச்சாமிக்கு அழுகை வந்தது. எதற்கென்று அவனால் பிரிக்க முடியவில்லை. கிடைத்துவிட்டதே என்ற சந்தோஷம் ஒரு பக்கம். கிடைத்தும் இப்படியா என்ற அவமானம் ஒரு பக்கம். ஊர்க்காரன் ஒருத்தன் இன்னொருத்தன் செருப்பைக் கையில் தூக்கினான் என்றால் பேரப்பிள்ளை கல்யாணம் வரைக்கும் அந்தப் பேச்சு போகும். இது செருப்புகூட இல்லை, பூட்ஸ்.

"என்னவே தெரியுது? சொல்லித் தொலையும்!" என்றார் பூலோகம்.

அவன் வாயைத் திறப்பதற்குள் சொரிமுத்து டப்பாவைப் பிடுங்கிவிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் எறிந்தார். ஷ்ருதி அந்தக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், உங்களோடது பிளஸ் நம்பர், இன்னும் வெளிய திருகணும். அது இவரோட கண்ணுக்கு வச்சது" என்றாள்.

"எங்கண்ணுக்கு ஒரு கொறையும் இல்ல. நீ சும்மா இரு." சொரிமுத்து டப்பாவைக் கூரைப் பக்கம் தூக்கி, உற்றுப் பார்த்தார். "ஆகா! இப்பல்லா தெளிவாத் தெரியுது! எங்கய்யாதான். அந்த மீசையும் நிப்பும்! அச்சு அசல் எங்கய்யா!"

அவர் கண்ணுக்கு அந்த அளவில் மீசை தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை என்பது ஷ்ருதிக்குத் தெரியும். அவள் வாயைத் திறந்தாள். பிறகு நாலு பேர் முகத்தைப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு என்று மூடிக்கொண்டாள். "அடுத்தது தலைவர் அங்கிள். வாங்க, உங்க கண்ணுக்கு வைக்கிறேன்" என்றாள்.

பூலோகம் எழுந்தார். அவர் பார்ப்பார், அவருக்குப் பிறகு நாலு பேரும் அவரவர் கண்ணுக்குத் திருகிப் பார்ப்பார்கள். பூட்ஸ் தெரியும். சாயங்காலத்துக்குள் லேபர் கேம்ப் முழுக்கத் தெரியும். வேலுச்சாமி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான்.

"யாரும் பாக்க வேண்டாம். அண்ணாச்சி சொல்லுதது சரிதான். அவுங்க அய்யாதான்."

மண்டபம் ஆடிப்போயிற்று. சொரிமுத்துவே டப்பாவை இறக்கிவிட்டு அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். ஜெயிப்பதற்கு அவர் தயாராகத்தான் வந்தார், இவ்வளவு சீக்கிரம் என்று எதிர்பார்க்கவில்லை.

"என் கண்ணாலயே பாத்துட்டேன், இனி என்ன வழக்கு? பரிவட்டம் அண்ணாச்சிக்கே கட்டுங்க. எனக்கு அந்த ஸ்லைட மட்டும் குடுத்துருங்க."

"ஒனக்கெதுக்குவே அவுங்க அப்பா படம்?" என்றார் பூலோகம்.

நியாயமான கேள்வி. "சும்மாதான்… கும்பிட்ட பழக்கம்" என்று வேலுச்சாமி இழுத்தான்.

சொரிமுத்துவுக்கு மனசு நிறைந்து வழிந்தது. ஜெயித்த மனுஷனுக்கு வருகிற தாராளம் இருக்கிறதே, அதற்கு அளவே கிடையாது. அவன் தோளில் கை போட்டு, "குடுங்க அண்ணாச்சி, பாவம்! எனக்கு மரியாதை வருது, அவனுக்கு அதாவது வரட்டும். எங்கய்யாவ நல்லா வச்சிக்கிடுவான்" என்றார்.

சந்தனத்தைச் சுரண்டிய பிறகு அந்த டப்பாவைப் பீரோவில் வைப்பதா வேண்டாமா என்று பூலோகத்துக்கும் மனசு அரித்துக்கொண்டிருந்தது. வழக்கே தீர்ந்துவிட்டது, சாட்சி எதற்கு? ஸ்லைடோடு டப்பாவையும் சேர்த்து ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்துவிட்டார். கேட்டுக்கு வெளியே போகாத கோயில் சொத்து வேலுச்சாமியின் கக்கத்தில் போயிற்று.

வீட்டுக்கு அவன் வருவதற்கு முன்னாலேயே செய்தி வந்துவிட்டது. ஆவுடையம்மாள் வாசற்படியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"தானம் பண்ணிட்டு வந்துட்டியளா? நல்லாருக்கு! அத்தை சாகுத அன்னைக்கும் பரிவட்டம் பரிவட்டம்னு சொல்லிட்டுத்தான் செத்தா. நீங்க மண்டபத்துல எந்திரிச்சி நின்னு, அது எங்கய்யா இல்லன்னு சொன்னியளாமே! பெத்த அப்பாவ எவனாவது இல்லம்பானா?"

"உள்ள வா."

"வர மாட்டேன். கொடைக்கு நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?"

அவன் துண்டைப் பிரித்து, பல்பைப் போட்டு, டப்பாவை அவள் கண்ணில் வைத்தான். திட்டிக்கொண்டேதான் பார்த்தாள். பார்த்ததும் திட்டு நின்றது. சில வருஷமாக அவளும் கண்ணாடி போடுகிறாள், இப்போது அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்த்ததில் அவளுக்கும் கலங்கலாய்த்தான் தெரிந்தது.

"இதுவா மாமா? பட்டு போத்திக்கிட்டு, தலையில செவப்பா… ராசா மாதிரில்லா நிக்காவ! அய்யோ, இத போயி விட்டுக்குடுத்துட்டு வந்திருக்கியளே பாவி மனுசா!" அவளுக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இன்ஸ்பெக்டரைப் பார்த்து அவள் அழுதுகொண்டிருந்தாள்.

இப்படியே விட்டுவிடலாம் என்று வேலுச்சாமி நினைத்தான். யாருக்கு என்ன நஷ்டம்? மாமனார் ராசாவாக இருந்துவிட்டுப் போகட்டும். அம்மா முப்பது வருஷம் இதை வைத்துக்கொண்டுதானே நிமிர்ந்து நடந்தாள். ஆனால் நாளைக்கு அமாவாசைக்கு இவள் படையலுக்கு முன்னால் நின்று கும்பிடும்போது அந்த மீசையையல்லவா கும்பிடுவாள்? அவனால் அதைப் பொறுக்க முடியவில்லை. அவள் விரலைப் பிடித்துக் குழாயில் வைத்தான்.

"திருகு. மெள்ளத் திருகு. நீயே ஒங்கண்ணுக்கு வை."

திருகினாள். முன்னும் பின்னும் திருகினாள். கீழே கடையில் யாரோ தேங்காய் கேட்டுக் கூப்பிட்டார்கள், இரண்டு பேரும் போகவில்லை.

"இது போலீசுல்லா?" என்றாள் கடைசியில்.

"ம்."

"பக்கத்துல…" அவள் டப்பாவை எடுத்துவிட்டு அவன் காதைப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். திரும்ப வைத்துக்கொண்டாள். அவன் காத்திருந்தான். பூட்ஸைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொன்னாலும் செத்துவிடுவோம் என்று இருந்தது.

"பூட்ஸ எதுக்கு நெஞ்சோட கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்காவ?"

"கீழ வச்சா இந்த ஊர்ல எவனாவது தூக்கிட்டுப் போயிருவாம்லா" என்றான் வேலுச்சாமி. சொல்லும்போதே குரல் உடைந்து ஓவென்று அழுதுவிட்டான்.

ஆவுடையம்மாள் அவனைச் சமாதானம் செய்ய வரவில்லை. டப்பாவிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"அதுக்கு ஏன் இந்தச் சிரிப்பு சிரிக்காவ?"

"போட்டோ எடுக்காவள்லா" என்றான் அவன். "தன்னையும் சேத்து எடுக்காவன்னு நெனச்சிருப்பாரு."